வாரத்துக்கு எத்தனை மணி நேரம்?

(தோட்டக் கிளையொன்றின் ஞாயிறு வகுப்பில், கட்டட வேலைக்குச் சென்றுள்ள இளைஞர்களும் அவர்தம் பெற்றோரும் கூடியிருந்தபோது ஆற்றிய உரை.)



நாம் உள்ளே வரும்போது வாசலில் நின்ற பெரியவர் ஒருவர், "பால்மரச் சங்கத்துக்காரர்களுக்குக் கட்டட வேலையைப் பற்றி என்ன பேச்சு?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். "ஐயா, உங்கள் மகன் என்ன வேலை செய்கிறான்?" என்று திருப்பிக் கேட்டோம். "கிள்ளான் பக்கம் வயரிங்." "மருமகன்?" "கம்பி கட்டுகிறான்." "உங்கள் வீட்டில் பால் வெட்டுவது யார்?" "கிழவி மட்டும்தான்." பெரியவர் சிரித்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். அதோ, மூன்றாம் வரிசையில் இருக்கிறார்.

இன்று தோட்டத்து லயன்களில் வளர்ந்த பிள்ளைகள் உளியை எடுப்பதில்லை. வயர், குழாய், கரணை, சாயத் தூரிகை, இவைதாம் அவர்கள் கையில் இருக்கின்றன. பிள்ளை தொழில் மாறினான் என்பதற்காக அவன் கூலியைப் பற்றிய கவலை தாய் தகப்பனுக்கு மாறிவிடுமா? சங்கத்துக்கும் அப்படித்தான்.

இன்றைக்கு எடுத்துக்கொண்ட பொருள், கட்டடத் துறையின் தனித் தொழில்களில் வாரத்துக்குச் சராசரி எத்தனை மணி நேர வேலை நடக்கிறது என்பது. தனித் தொழில் என்றால், கட்டடம் முழுவதையும் ஒப்புக்கொள்ளும் பெருங்குத்தகைக்காரர் செய்யாமல் பிறரிடம் பிரித்துக் கொடுக்கிற வேலைகள். கம்பி கட்டுதல், பலகையடித்தல், மின்சார வயரிங், குழாய் பொருத்துதல், சுவர்ப் பூச்சு, ஓடு பதித்தல், சாயம் அடித்தல் எல்லாம் இதில் சேரும். நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் இந்த உள்குத்தகைகளில்தான் இருக்கிறார்கள்.

சராசரி என்ற சொல்லை முதலில் பார்ப்போம். ஒரு கம்பி கட்டும் கூட்டத்தில் பத்துப் பேர். ஒரு வாரத்தில் ஆறு பேர் ஆளுக்கு 60 மணி நேரம் உழைத்தார்கள். மற்ற நால்வருக்குத் தளம் தயாராகவில்லை. 10 மணி நேர வேலைதான் கிடைத்தது. மொத்தம் 400 மணி. பத்தால் வகுத்தால் சராசரி 40. படித்துப் பார்ப்பவர், "ஆகா, நாளுக்கு எட்டு மணி, வாரத்துக்கு ஐந்து நாள், என்ன நிம்மதியான தொழில்!" என்பார். ஆனால் அந்தப் பத்துப் பேரில் 40 மணி நேரம் உழைத்தவன் ஒருவன்கூட இல்லை. ஆறு பேருக்கு முதுகு ஒடிந்தது. நாலு பேருக்கு அடுப்பு எரியவில்லை. இந்த இரண்டு துன்பத்தையும் கூட்டி வகுத்தால் நிம்மதி என்று விடை வருகிறது. கணக்கில் பிழையில்லை, தோழர்களே. விடையைப் படிக்கும் முறையில்தான் பிழை.

அமெரிக்காவில் தொழிலாளர் புள்ளிவிவரச் செயலகம் என்று ஒன்று உண்டு. தனித்தொழில் குத்தகையாளர்கள் என்று ஒரு பிரிவே வைத்து, அதில் வாரச் சராசரி மணிநேரத்தை மாதந்தோறும் அது வெளியிடுகிறது. அந்த எண் 40-க்குச் சற்றுக் கீழேயே நிற்பது வழக்கம். அதைப் பார்த்து நாம் பொறாமைப்பட வேண்டாம். எப்படி எடுக்கிறார்கள் என்று கேளுங்கள். மாதத்தின் 12-ஆம் தேதி அடங்கிய சம்பளக் காலத்துக்கு, முதலாளிமாரின் சம்பளப் பட்டியலில் எத்தனை மணிக்குக் கூலி கொடுக்கப்பட்டது என்று கேட்டு எடுக்கிறார்கள். ஆகவே பட்டியலில் பெயரில்லாதவன் அந்தக் கணக்கில் இல்லை. சொந்தமாகத் தொழில் செய்பவனும் இல்லை. காலையில் ஒருவரிடமும் மாலையில் மற்றொருவரிடமும் வேலை செய்பவன் இரண்டு ஆளாக எண்ணப்படுகிறான். அவனுடைய நீண்ட நாள் இரண்டு குட்டை நாளாகிவிடுகிறது. மழையோ பனியோ பெய்த வாரத்தில் சராசரி இறங்கும். இறங்கியது ஓய்வா, பட்டினியா என்று எண் சொல்லாது.

பக்கத்துச் சிங்கப்பூருக்கு வாருங்கள். அங்கும் மனிதவள அமைச்சு துறைவாரியாக வாரச் சராசரியை வெளியிடுகிறது. கூலி கொடுக்கப்பட்ட நேரத்தில் கட்டுமானத் துறை நெடுங்காலமாக முன்வரிசையில் நின்று வந்திருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து கடன்பட்டு வந்து அங்கே கம்பி கட்டும் நம் இனத்துப் பிள்ளைகள் அந்த எண்ணுக்குள்தான் இருக்கிறார்கள். அவர்கள் விடியுமுன் எழுந்து லாரியில் ஏறுகிற நேரமும், இரவு விடுதிக்குத் திரும்புகிற நேரமும் அந்த எண்ணுக்கு வெளியே இருக்கின்றன. பெரட்டுக்கு இருட்டில் நடந்து, அங்கிருந்து நிரைக்கு இருட்டில் நடந்து, விளக்கை நெற்றியில் கட்டி முதல் மரத்தை வெட்டிய தாய்மார்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. முதல் மரத்தில்தான் நாள் தொடங்கியதாக எழுதினார்கள். நடந்த நடை யார் கணக்கு?

இந்தத் தொழில்களில் நேரம் ஏன் இப்படி ஏறி இறங்குகிறது? இதில் சிறிது நின்று பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் தவுக்கேயின் பேராசையே காரணம் என்று பேசிவிட்டுப் போவது எளிது. மேடையில் கைதட்டலும் கிடைக்கும். ஆனால் வேலையின் இயல்பு தெரியாமல் பேரம் பேசப் போனால் மேசையில் தோற்றுப்போவோம்.

கான்கிரீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தளம் போடத் தொடங்கினால் பாதியில் நிறுத்த முடியாது. போட்டது இறுகிய பின் மறுநாள் புதிதாகப் போட்டால் இரண்டும் ஒன்றாகப் பிடிக்காது. அந்த இணைப்பில் தளம் பலவீனப்படும், நீர் கசியும். எனவே கலவை லாரி பிந்தி வந்தாலும், பம்பு பழுதானாலும், கான்கிரீட் கூட்டம் இரவு பத்து மணியானாலும் முடித்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். நம் ஸ்டோரில் பால் உறைவதற்குள் வேலையை முடித்தாக வேண்டும் அல்லவா? அதுபோலத்தான். இதை எந்தச் சங்கமும் மறுக்க முடியாது. அந்த இரவுக்குரிய கூலி எங்கே என்று கேட்கத்தான் முடியும்.

வயரிங்காரனுக்கு வேறு விதம். செங்கல் சுவர் எழும்பிய பின், பூச்சுக்கு முன், சுவரை வெட்டிக் குழாய் பதிக்க வேண்டும். கொத்தனார் பிந்தினால் இவன் சும்மா உட்கார்ந்திருப்பான். கொத்தனார் முடித்ததும் பூச்சுக்காரன் கரணையோடு வந்து நின்று, "சீக்கிரம், சீக்கிரம்" என்பான். நாலு நாள் வேலையை இரண்டு நாளில் முடிக்க வேண்டும். ஒருவன் பிந்திய நேரத்தை அடுத்தவன் இரவில் கொடுக்கிறான்.

கடைசியில் வருகிறவன் பாடு எல்லாரையும்விட மோசம். நம் நாட்டில் வீட்டு மேம்பாட்டாளரிடம் வீடு வாங்கினால், சட்டப்படியான ஒப்பந்தத்தில் தரை வீட்டை 24 மாதத்திலும் அடுக்குமாடி வீட்டை 36 மாதத்திலும் ஒப்படைக்க வேண்டும். பிந்தினால் விலையில் ஆண்டுக்கு 10 சதவீதம் என்ற கணக்கில் நாள்தோறும் நஷ்டஈடு. இது வீடு வாங்குவோருக்கு நல்ல பாதுகாப்பு, நம்மவர்களும் வாங்குகிறார்கள். ஆனால் 36 மாதத்தில் முதல் 30 மாதம் எப்படியோ வீணாகிவிட்டால், அந்த நஷ்டஈட்டுப் பயம் யார் தலையில் வந்து விழுகிறது? அடித்தளம் போட்டவன் எப்போதோ போய்விட்டான். ஓடு பதிப்பவன், சாயம் அடிப்பவன், விளக்கு மாட்டுபவன் தலையில் விழுகிறது. கடைசி மாதங்களில் ஞாயிறும் இல்லை, தீபாவளி விடியலும் இல்லை. அவர்களிலும் சதுர அடிக் கணக்கில் கூலி வாங்குபவனுக்குக் கடிகாரமே கிடையாது. எத்தனை மணி உழைத்தான் என்று அவனுக்கே தெரியாது. "நான் என் இஷ்டத்துக்கு வேலை செய்கிறேன்" என்று பெருமை வேறு பேசுவான். அந்தப் பெருமையைக் கண்டு நமக்குக் கோபமும் வருகிறது, இரக்கமும் வருகிறது.

இனி மழை. பிற்பகலில் வானம் கறுத்தால் வெளிவேலை நிற்கும். கெப்பாலா, "கொட்டகையில் இருங்கள், விட்டதும் தொடங்கலாம்" என்பார். இரண்டு மணி நேரம் தகரத்தின் கீழே உட்கார்ந்திருப்பார்கள். பிறகு சம்பளத்தில் அரை நாள் வெட்டு! பட்டை நனைந்தால் பால் கோட்டைத் தாண்டி வழியும், வெட்டு இல்லை, வெட்டு இல்லாவிட்டால் பேர் இல்லை என்று மழையைப் பார்த்துப் பெருமூச்சு விட்ட தலைமுறைக்கு இது புதுக் கதையா? மழை பழைய மழைதான். நனைகிற பிள்ளைகள் வேறு.

இந்தத் துறையில் நேரத்தைக் குறைத்தவர்களே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறார்கள். சொல்லப்போனால், எட்டு மணி நேர நாளை உலகுக்கு முதலில் காட்டியவர்களில் கட்டடத் தனித்தொழிலாளரே முன்னணியில் நிற்கிறார்கள்.

1840-ஆம் ஆண்டில் நியூசிலாந்தில் இப்போது வெலிங்டன் இருக்கும் கரையில் இங்கிலாந்திலிருந்து குடியேறிகள் வந்து இறங்கினார்கள். அவர்களில் சாமுவேல் பார்னெல் என்ற தச்சர் ஒருவர். கப்பல் வணிகர் ஜார்ஜ் ஹன்டர் அவரிடம் ஒரு கிடங்கு கட்டித் தரச் சொன்னார். நாளுக்கு எட்டு மணி நேரந்தான் வேலை செய்வேன் என்றார் தச்சர். இருபத்துநாலு மணியில் எட்டு வேலைக்கு, எட்டு உறக்கத்துக்கு, எட்டு தமக்கு என்பது அவர் கணக்கு. லண்டனில் காலை ஆறு மணிக்கு மணியடிப்பார்கள், வராதவனுக்குக் கால் நாள் போகும் என்று ஹன்டர் நினைவூட்டினார். நாம் லண்டனில் இல்லையே என்றார் பார்னெல். அந்தக் குடியிருப்பில் அப்போது தச்சர்கள் மூன்றே பேர்! ஹன்டர் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

இந்தக் கதையை நாம் பல மேடைகளில் கேட்டிருக்கிறோம். பார்னெலின் நெஞ்சுறுதியைப் புகழ்ந்து முடித்துவிடுவார்கள். நாம் அந்த மூன்று பேர் என்ற எண்ணைப் பார்க்கச் சொல்கிறோம். அங்கே முப்பது தச்சர் இருந்திருந்தால் ஹன்டர் அடுத்தவரிடம் போயிருப்பார். அது பார்னெலுக்கும் தெரிந்திருக்க வேண்டும். புதிதாகக் கப்பலில் வந்த தொழிலாளரிடமெல்லாம் போய், எட்டு மணிக்கு மேல் ஒப்புக்கொள்ளாதீர்கள் என்று சொல்லி வந்தார். அதே ஆண்டு அக்டோபரில் கூடிய தொழிலாளர் கூட்டம், காலை எட்டிலிருந்து மாலை ஐந்து வரையே வேலை என்று முடிவெடுத்தது. மீறுகிறவனைத் துறைமுகத் தண்ணீரில் முக்குவோம் என்றும் சொன்னார்களாம். நம் சங்கத்தின் விதிகளில் அப்படி ஒன்றும் இல்லை; யாரும் பயப்பட வேண்டாம்.

1856-ஆம் ஆண்டு ஏப்ரல் 21-ஆம் தேதி ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் பல்கலைக்கழகக் கட்டடத்தில் வேலை செய்துகொண்டிருந்த கற்கொத்தர்கள் உளியையும் சுத்தியலையும் கீழே வைத்தார்கள். வழியிலிருந்த கட்டடங்களில் வேலை செய்தவர்களையும் சேர்த்துக்கொண்டு நாடாளுமன்றக் கட்டடம் வரை நடந்தார்கள். அந்த ஊர் வெயிலில் பத்து மணி நேரம் கல் உடைக்க முடியாது என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. ஆறு நாளைக்கு 48 மணி என்று, கூலி குறையாமல் வென்றார்கள். 1903-இல் அதற்கு நினைவுத் தூண் வைத்தார்கள். உச்சியில் மூன்று எட்டுகள் இருக்கின்றன. ஆனால் எல்லாத் தொழிலாளருக்கும் அது உடனே கிடைத்துவிடவில்லை. கற்கொத்தர் கையில் அரிய தொழில் இருந்தது, சங்கம் இருந்தது. இரண்டும் இல்லாதவர்கள் இன்னும் பல ஆண்டுகள் காத்துக் கிடந்தார்கள்.

1919-இல் அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனம் தன் முதல் ஒப்பந்தத்தையே வேலை நேரத்துக்காக இயற்றியது. தொழில் துறைகளில் நாளுக்கு 8, வாரத்துக்கு 48. கட்டட வேலையும் அதில் அடங்கும். அதே ஒப்பந்தத்தின் பத்தாம் விதி, பிரிட்டிஷ் இந்தியாவுக்குத் தனியாக வாரம் 60 மணி என்றது. நம் பாட்டன்மார் கப்பலேறிய நாட்டுக்கு வாரத்தில் பன்னிரண்டு மணி கூட! சாதாரண உடம்புக்கு ஒரு கணக்கு, நம் உடம்புக்கு ஒரு கணக்கு.

இன்னொரு சான்று. 1962 ஜனவரியில் நியூயார்க் நகரத்து மின்சாரத் தொழிலாளர் சங்கம் வேலைநிறுத்தம் செய்து, வாரத்துக்கு 25 மணி நேர அடிப்படை வேலை என்று ஒப்பந்தம் செய்துகொண்டது. ஹாரி வான் ஆர்ஸ்டேல் என்பவர் அதன் தலைவர். நாளுக்கு ஐந்து மணி. அதற்கு மேல் ஒரு மணி மிகைநேரக் கூலியோடு. இருக்கிற வேலையைப் பலருக்குப் பகிர வேண்டும் என்பது நோக்கம். அதையொட்டி ஆயிரம் புதிய பயிற்சியாளர்களைச் சேர்க்கவும் அந்தச் சங்கம் முன்வந்தது. அதுவரை அந்தத் தொழிலுக்குள் நுழைய முடியாதிருந்த கறுப்பின, போர்ட்டோ ரிக்கோ இளைஞர்களும் அவர்களில் இருந்தார்கள். வயர் இழுக்கும் அதே வேலைதான், தோழர்களே. கிள்ளானில் இழுத்தாலும் நியூயார்க்கில் இழுத்தாலும் வயர் வயர்தான்.

இப்போது நம் சட்டத்துக்கு வருவோம். 1955-ஆம் ஆண்டின் வேலைச் சட்டத்தில் வாரத்துக்கு 48 மணி என்றிருந்ததை, 2022-இல் நிறைவேறிய திருத்தம் 45 ஆக்கியது. 2023 ஜனவரி 1 முதல் தீபகற்பத்தில் அது நடப்புக்கு வந்தது. நாளுக்கு 8 மணி. தொடர்ந்து ஐந்து மணிக்கு மேல் வேலை செய்தால் இடையில் குறைந்தது அரை மணி ஓய்வு. அதற்கு மேல் உழைத்தால் மணிக்கு ஒன்றரை மடங்கு கூலி. நல்லது. ஆனால் ஓவர்டைம் என்னும் மிகைநேர வேலைக்கு உச்ச அளவு மாதம் 104 மணி. இதை ஆண்டுக்குக் கணக்கிட்டு 52 வாரத்தால் வகுத்துப் பாருங்கள். வாரத்துக்குச் சரியாக 24 வருகிறது. 45-உம் 24-உம் 69. ஆகச் சட்டத்தை ஓர் எழுத்துக்கூட மீறாமல் ஒருவனிடம் வாரத்துக்கு 69 மணி நேரம் வேலை வாங்கலாம். சிங்கப்பூரில் 44 மணி, மாதம் 72 மணி மிகைநேரம். அதே கணக்கில் 60-ஐத் தாண்டுகிறது. 45 என்று பத்திரிகையில் படித்து மகிழ்ந்தவர்கள் இந்த வகுத்தலையும் செய்து பார்க்க வேண்டும்.

எனினும் சட்டத்தில் நமக்கு உதவுகிற சில வரிகள் இருக்கின்றன. அவற்றைப் பிள்ளைகள் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும்.

வேலை நேரம் என்றால் என்ன என்பதற்கு 60ஏ பிரிவு விளக்கம் சொல்கிறது. தொழிலாளி முதலாளியின் ஏவலுக்குக் காத்திருந்து, தன் நேரத்தையும் தன் நடமாட்டத்தையும் தன் விருப்பப்படி வைத்துக்கொள்ள முடியாதிருக்கும் நேரம் வேலை நேரம். கரணை அசைந்தால்தான் வேலை நேரம் என்று சட்டம் சொல்லவில்லை. "கொட்டகையில் இருங்கள், மழை விடட்டும்" என்று சொன்னால், அந்த இரண்டு மணி நேரம் யாருடையது? வீட்டுக்குப் போகலாம் என்று விட்டிருந்தால் அவனுடையது. இரு என்று சொன்னபின் அது வேலை நேரம். லாரிப் பயணமும் இதில் சேருமா என்பது ஒவ்வோர் இடத்து நிலைமையையும் வைத்து வாதாடிப் பார்க்க வேண்டியது. மழை நேரத்துக்கு அவ்வளவு வாதம் தேவையில்லை என்பது நம் கருத்து.

அடுத்தது 101சி பிரிவு. இதுவும் அந்தத் திருத்தத்தோடு வந்தது. எழுத்தில் ஒப்பந்தம் இல்லாதபோது, ஒருவன் வேலை செய்யும் விதமோ, அவன் வேலை நேரமோ மற்றொருவரின் கட்டுப்பாட்டில் இருந்தால், அவன் தொழிலாளி என்றே கொள்ளப்படும். இல்லை என்று காட்டுவது எதிர்த் தரப்பின் பாரம். கருவியும் பொருளும் அவர் கொடுத்ததாக இருப்பதும், தவணை தவறாமல் அவர் கொடுக்கும் பணமே வருமானத்தில் பெரும்பகுதியாக இருப்பதும் இதே வகைச் சான்றுகள். இதன் பொருளைக் கவனியுங்கள். எத்தனை மணிக்கு வர வேண்டும், எத்தனை மணிக்குப் போகலாம் என்று ஒருவர் சொன்னார் என்பதே நீ அவருடைய தொழிலாளி என்பதற்குச் சாட்சி. நேரம் கூலிக்கு மட்டும் கணக்கு அல்ல. நீ யார் என்பதற்கும் அதுவே கணக்கு.

மூன்றாவது 33-ஆம் பிரிவு. உள்குத்தகைக்காரர் கூலி தராமல் போனால் மேலே உள்ள குத்தகைக்காரரும் பொறுப்பாவார். மூன்று மாதக் கூலிக்கு மேல் அவரைக் கேட்க முடியாது. கூலி கொடுபட வேண்டிய நாளிலிருந்து 90 நாளுக்குள் புகார் போட்டிருக்க வேண்டும். தன் குடியிருப்புக்காக வீடு கட்டிக்கொள்ளும் சாதாரண ஆளை இதில் பிடிக்க முடியாது. கட்டுமானக் குத்தகைக்காரராகவோ வீட்டு மேம்பாட்டாளராகவோ இருக்க வேண்டும். இந்தத் தொண்ணூறு என்ற எண்ணை மறந்துவிடாதீர்கள். அதன் கதையைச் சொல்லிவிட்டு அமர்கிறோம்.

நம் தோட்டமொன்றிலிருந்து வயரிங் வேலைக்குப் போன மூன்று பிள்ளைகள் ஒரு நவம்பர் மாதம் இரண்டாம் வாரம் நம்மைத் தேடி வந்தார்கள். நாட்கூலி 90 வெள்ளி. காலை ஏழிலிருந்து மாலை ஏழு. சாப்பாட்டுக்கு ஒரு மணி. அதாவது பதினொரு மணி நேர வேலை. ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்று மாதமும் வெறும் 90-தான் கொடுத்திருக்கிறார் உள்குத்தகைக்காரர். மழை பெய்த நாளில் 45. கேட்டபோது, "நீங்கள் என் கூலியாட்கள் அல்ல, பங்காளிகள்" என்றாராம். பங்கு எங்கே என்று ஒருவன் கேட்டிருக்கிறான். மறுநாளிலிருந்து அவர் தொலைபேசியை எடுக்கவில்லை.

நாங்கள் கணக்குப் போட்டோம். 90-ஐ எட்டால் வகுத்தால் மணிக்கு 11 வெள்ளி 25 காசு. ஒன்றரை மடங்கு 16 வெள்ளி 87½ காசு. நாளுக்கு மூன்று மணி மிகைநேரம்; மழை வெட்டில்லாத 22 நாளுக்கு 66 மணி. ஒரு மாதத்துக்கு ஓர் ஆளுக்கு 1,113 வெள்ளி 75 காசு. பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவ்வளவு இருக்கும் என்று அவர்கள் நினைக்கவில்லை.

"மாலை ஏழு வரை வேலை செய்தீர்கள் என்பதற்கு என்ன சாட்சி?" என்று கேட்டோம். சம்பளச் சீட்டு இல்லை. அட்டை இல்லை. இருவர் கையை விரித்தார்கள். மூன்றாவது பிள்ளை தயங்கிக்கொண்டே, "அம்மா நாட்காட்டியில் ஏதோ எழுதுவார்கள்" என்றான்.

மறுநாள் அந்தத் தாய் சுவர் நாட்காட்டியைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தார். முப்பது ஆண்டு பால் வெட்டியவர். ஒவ்வொரு தேதிக் கட்டத்திலும் இரண்டு எண். ஒன்று மகனுக்குச் சோறு கட்டிக் கொடுத்து அனுப்பிய நேரம். மற்றது அவன் வீடு வந்து சேர்ந்த நேரம். மழை நாளில் ஒரு சிறு கோடு. "ஏனம்மா எழுதினீர்கள்?" என்று கேட்டோம். "பழக்கந்தான். கிராணியின் செக்ரோலில் எனக்கு ஒரு நாள் பேர் விட்டுப்போனது. அன்றிலிருந்து எழுதுகிறேன். இவனுக்கும் எழுதிவைத்தேன்" என்றார்.

தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுத்தோம். வீட்டில் எழுதிய நேரம் வேலையிடத்து நேரம் ஆகுமா என்று பெருங்குத்தகைக்காரரின் ஆள் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். அந்தக் கட்டடத்து வாயிற்காவலரின் பதிவேட்டை வரவழைக்கச் சொன்னோம். உள்ளே போனவர், வெளியே வந்தவர் பெயரும் நேரமும் அதில் இருந்தன. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். பயண நேரத்தைக் கழித்தால், ஒரு சில நாள் தவிர மற்றதெல்லாம் ஒத்துவந்தது. "பங்காளி" என்ற பேச்சு அதற்குப் பின் எழவில்லை. ஜூலை, ஆகஸ்டு மாதத்து மிகைநேரக் கூலியை மூவருக்கும் கொடுக்கப் பெருங்குத்தகைக்காரர் இசைந்தார். மழை நாளுக்குப் பிடித்த பாதிக் கூலியில் கொஞ்சம் பேரம் நடந்தது, முழுவதும் கிடைக்கவில்லை.

ஜூன் மாதத்துக்குரியது கிடைக்கவே இல்லை. ஜூன் மாத மிகைநேரக் கூலி ஜூலை 31-க்குள் கொடுபட வேண்டியது. அதிலிருந்து 90 நாள் அக்டோபர் 29-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. பிள்ளைகள் நம்மிடம் வந்தது நவம்பரில். உள்குத்தகைக்காரர்மேல் அந்த வழக்கு இன்னும் உண்டு, ஆள்தான் கிடைக்கவில்லை. "இரண்டு வாரம் முன்னால் வந்திருக்கக் கூடாதா?" என்று கேட்டபோது, "வேலை விட்டு வர நேரம் கிடைக்கவில்லை, அண்ணே" என்றான் மூத்தவன். அப்போது புது இடத்தில் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் உழைத்துக்கொண்டிருந்தான் என்று அவனிடம் கேட்டோம். தெரியாது என்றான். அவன் தாய் சொன்னார்: 66.